எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய்: பயனும் பாதுகாப்பும்

விதர்ப்பாவின் நாக்பூர் ஆரஞ்சு, கர்நாடகத்தின் குடகு ஆரஞ்சு, மேகாலயத்தின் காசி குன்றுகளில் விளையும் கமலா, ஆந்திரத்திலும் குஜராத்திலும் பெருமளவு பயிராகும் எலுமிச்சை ஆகிய எல்லாவற்றிலும் நாம் உண்பது உள்ளே இருக்கும் சுளையையோ சாற்றையோதான். தோல் குப்பைக்குப் போகிறது. அந்தத் தோலின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் சிறுசிறு புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்கி ஒருவர் கண்ணில் மற்றவர் பீய்ச்சுவதும், மெழுகுவத்திச் சுடரின் அருகே பிதுக்கிப் பொறி பறக்கச் செய்து மகிழ்வதும் நாம் அறிந்ததே. அந்த விளையாட்டிலேயே இவ்வெண்ணெயின் இரு இயல்புகள் வெளிப்பட்டுவிடுகின்றன. அது கண்ணையும் சருமத்தையும் எரிக்கவல்லது. எளிதில் தீப்பற்றவும் கூடியது.

பொருளாதார நோக்கில் பார்த்தால் இது ஒரு துணை விளைபொருள். பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்திலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஆரஞ்சுச் சாறு பெருந்தொழிலாக வளர்ந்ததால், மலைபோல் குவியும் தோலிலிருந்து எண்ணெய் எடுப்பது அங்கே இயல்பாக நிகழ்ந்தது. நம் நாட்டிலோ பழத்தின் பெரும்பகுதி தோலுடனேயே சந்தைக்குச் சென்று இலட்சக்கணக்கான வீடுகளில் உரிக்கப்படுகிறது. தோல் ஓரிடத்தில் சேர்வதில்லை. சேர்க்கும் செலவே எண்ணெயின் விலையை விழுங்கிவிடும். ஆயினும் சாறு பிழியும் ஆலைகளும் ஊறுகாய்த் தொழிலும் உள்ள இடங்களில் தோலைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல சோப்பு, முகப்பூச்சு, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றில் இவ்வெண்ணெயைச் சேர்த்து விற்கின்றன. நகரக் கடைகளில் பத்து மில்லி லிட்டர் குப்பிகளில் அது தனியாகவும் கிடைக்கிறது. குப்பியின் மேல் பெரும்பாலும் காணப்படும் சொற்கள் ‘தூய்மையானது’, ‘நூறு விழுக்காடு இயற்கையானது’ என்பவையே. இவ்விரு சொற்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை பாதுகாப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை என்பதே இங்கு விளக்க முற்படும் செய்தி. எண்ணெய் எந்த முறையில் எடுக்கப்பட்டது, எடுத்து எத்தனை காலம் ஆயிற்று, எந்த அளவில் கலக்கப்பட்டது என்பவையே பாதுகாப்பை நிர்ணயிக்கின்றன.

எடுக்கும் முறையும் பெயர்க் குழப்பமும்

ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்னும் ஒரே ஐதரோகார்பன் உள்ளது. பிற எலுமிச்சை இன எண்ணெய்களிலும் அதுவே முதன்மையான கூறு. அவற்றில் சிட்ரால், பைனீன் போன்றவையும் கணிசமாக உண்டு. இவை யாவும் ஆவியாகக் கூடியவை. இவற்றுடன், தோலை அழுத்திப் பிழியும்போது ஆவியாகாத சில பொருள்களும் எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. மெழுகுப் பொருள்கள், நிறமிகள், ஃபியூரோகூமரின்கள் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. கடைசியாகக் கூறப்பட்டவையே சருமத்திற்குத் தொல்லை தருபவை.

எண்ணெயை எடுக்க இரு வழிகள் உள. தோலைக் கீறியோ அழுத்தியோ வெப்பமின்றிப் பிழிவது ஒன்று. நீராவியைச் செலுத்தி ஆவியாக்கிக் குளிரவைத்து வடிப்பது மற்றொன்று. நீராவியுடன் எழுந்து வருவது ஆவியாகும் பகுதி மட்டுமே. ஃபியூரோகூமரின்கள் கொதிகலத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, ஒரே எலுமிச்சையிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெய் வெயிலில் சருமத்தைப் புண்ணாக்க, வடித்தெடுத்த எண்ணெய் அத்தீங்கைச் செய்வதில்லை. மணத்தைப் பொறுத்தவரை பிழிந்த எண்ணெயே பழத்தின் மணத்திற்கு நெருக்கமானது. அதனாலேயே அதற்கு விலையும் மதிப்பும் கூடுதல். வாங்குபவர் உயர்ந்த விலை கொடுத்து, சருமத்தைப் பொறுத்தமட்டில் இடர் மிகுந்த பொருளை வாங்கிச் செல்லும் விந்தை இங்கே நிகழ்கிறது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் எலுமிச்சை என்று வழங்கும் சிறிய, மெல்லிய தோலுடைய பழத்தை ஆங்கிலத்தில் ‘லைம்’ என்பர். ‘லெமன்’ என்பது தடித்த தோலும் நீண்ட வடிவமும் கொண்ட வேறோர் இனம். வெளிநாட்டு நூல்களில் லெமன் எண்ணெய்க்குக் கூறப்பட்ட அளவை நம் ஊர் எலுமிச்சை எண்ணெய்க்குப் பயன்படுத்தினால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு மிகையாகிவிடும். போதாக்குறைக்கு, எலுமிச்சம்புல் எண்ணெய் என்பது கேரளத்தின் மலைச்சரிவுகளில் நெடுங்காலமாகக் காய்ச்சப்பட்டுக் கொச்சித் துறைமுகத்தின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்ட பொருள். அது புல்லிலிருந்து வருவது. அதில் சிட்ரால் முக்கால் பங்கு வரை இருக்கும். சரும ஒவ்வாமையை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு அதிகம். மூன்றும் எலுமிச்சை மணம் உடையவை என்பதால் மூன்றும் ஒன்றே என எண்ணலாகாது. குப்பியில் தாவரவியல் பெயர் அச்சிடப்பட வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது வெறும் புலமை காட்டுவதற்காக அன்று.

வெயிலும் எண்ணெயும்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணியை இடும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு நம் நாட்டு நடுத்தர வீடுகளில் பரவலாக இருந்தது. அந்த வாசனை நீரில் இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியில் விளையும் பெர்கமட் என்னும் ஆரஞ்சு இனப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்ந்திருந்தது. அதனைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் சென்றவர்களுக்கு, நீர் வழிந்த தடத்திலேயே கறுத்த பட்டைகள் தோன்றியதை 1916ஆம் ஆண்டில் ஃபிராய்ண்ட் என்னும் மருத்துவர் விவரித்து எழுதினார். கழுத்தணியின் தொங்கலைப் போன்ற வடிவில் தழும்பு அமைந்ததால் அந்நோய்க்குப் பிற்காலத்தில் தொங்கலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே பெயராயிற்று.

இதன் இயக்கம் இன்று நன்கு விளங்கியுள்ளது. பெர்காப்டென் முதலிய ஃபியூரோகூமரின்கள் சருமத்தினுள் சென்று தங்குகின்றன. சூரிய ஒளியிலுள்ள நீண்ட அலை புற ஊதாக் கதிர் அவற்றின் மீது படும்போது அவை கதிரின் ஆற்றலை உறிஞ்சி, உயிரணுவின் மரபுப் பொருளோடு பிணைந்து அதனைச் சிதைக்கின்றன. வெயிலில் நின்ற அந்நேரத்தில் எதுவும் தெரியாது. ஒரு நாள் கழித்தே சிவந்து எரிச்சல் எடுக்கும்; இரண்டு மூன்று நாள்களில் கொப்புளம் எழும்; அது ஆறியபின் கரும்பழுப்புத் தழும்பு வாரக்கணக்கிலும் சில வேளைகளில் மாதக்கணக்கிலும் நிலைக்கும். காரணத்திற்கும் விளைவிற்கும் இடையே ஒரு நாள் இடைவெளி இருப்பதால் பாதிக்கப்பட்டவர் உணவையோ சோப்பையோ பூச்சிக்கடியையோ குறை கூறுவாரேயன்றி, முந்தைய நாள் பூசிய எண்ணெயை நினைக்கமாட்டார். கண்ணாடிச் சன்னல் இக்கதிரை முழுவதும் தடுப்பதில்லை என்பதால் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து செல்பவரும் விலக்கு அல்லர்.

இக்குடும்பத்துப் பொருள்கள் இந்திய மருத்துவத்திற்குப் புதியவை அல்ல. கார்போகரிசி விதையை அரைத்துப் பூசி வெயில் காட்டி வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்யும் முறை ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் தொன்மையானது. அவ்விதையிலிருந்து சோராலென் என்னும் பொருளை 1933ஆம் ஆண்டில் இந்திய வேதியியலார் பிரித்தெடுத்தனர். சருமத்தைக் கறுக்கச் செய்யும் அதே வினையை மருத்துவர் அளவறிந்து நோய் தீர்க்கப் பயன்படுத்துகிறார். அளவறியாதவர் கையில் அது புண்ணாகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்காப்டெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த நிலையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும் எனப் பெரிதும் கருதத்தக்க பிரிவில் வைத்திருப்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

முகம் வெளுக்க வேண்டும் என்ற ஆசை நம் சமுதாயத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சை வெளுக்கச் செய்யும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்துள்ளது. பாத்திரத்தின் களிம்பைப் போக்கும் புளிப்பு, முகத்தின் கருமையையும் போக்கும் என்ற ஒப்புமையே இதற்கு அடிப்படை போலும். தோலோடு அறுத்த எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு வயலுக்கோ கல்லூரிக்கோ செல்லும் இளம்பெண், வெளுப்பை நாடிக் கருந்திட்டுகளைப் பெறுகிறாள். வடநாட்டு வீடுகளில் உலர்த்திப் பொடித்த ஆரஞ்சுத் தோலைக் கடலை மாவுடன் குழைத்துப் பூசிச் சிறிது நேரத்தில் கழுவிவிடும் வழக்கத்தில் அவ்வளவு இடர் இல்லை; அதில் எண்ணெய் மிகக் குறைவு, கழுவியும் விடுகிறார்கள். எண்ணெயாகப் பிரித்துச் செறிவாக்கிய பொருள் வேறு, பழத்தோல் வேறு என்பதை உணர்ந்தால் ‘காலங்காலமாகப் பயன்படுத்தியதுதானே’ என்ற வாதத்தின் வலிமை குறைந்துவிடும்.

எல்லா எண்ணெயும் வெயிலில் தீங்கு செய்யும் எனக் கூறுவது சரியன்று. இனிப்பு ஆரஞ்சு, கமலா ஆகியவற்றின் பழத்தோல் எண்ணெய்க்கு இக்குணம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. நாக்பூர் ஆரஞ்சு தாவரவியல்படி கமலா இனத்தைச் சேர்ந்தது என்பதால் விதர்ப்பாவின் சிறு உற்பத்தியாளருக்கு இது நற்செய்தி. ஏனையவற்றுக்கு, 1973ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கம், கழுவாமல் சருமத்தில் விடப்படும் பொருள்களில் பிழிந்த எண்ணெய் எவ்வளவு இருக்கலாம் என வரம்பு விதித்துள்ளது. பெர்கமட் 0.4 விழுக்காடு, எலுமிச்சை 0.7, கசப்பு ஆரஞ்சு 1.25, லெமன் 2, கிரேப் ஃபுரூட் 4 என்பன அவ்வரம்புகள். இரண்டு எண்ணெய்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் அளவையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும். சோப்பு, ஷாம்பு போன்று கழுவிவிடும் பொருள்களுக்கு வெயில் தொடர்பான இவ்வரம்பு பொருந்தாது.

விழுக்காட்டை வீட்டுக் கணக்கில் கூறுவதானால், ஒரு மில்லி லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 20 சொட்டு. 30 மில்லி லிட்டர் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 6 சொட்டு விட்டால் அது ஒரு விழுக்காடு. பிழிந்த எலுமிச்சை எண்ணெய்க்கு 4 சொட்டே எல்லை. முகத்திற்கு 3 சொட்டு, அதாவது அரை விழுக்காடு, போதுமானது. மணம் வேண்டுமென்போருக்கு அதுவே நிறைவளிக்கும். இரவில் பூசிக் காலையில் கழுவுவது நன்று. எம்முறையில் எடுக்கப்பட்டது என்று குப்பியில் இல்லையெனில் பிழிந்தது என்றே கொண்டு, பூசிய பின் குறைந்தது பன்னிரண்டு மணி நேரமாவது அவ்விடத்தில் வெயில் படாமல் காத்தல் வேண்டும்.

நீரில் கலந்தால் நீர்த்துவிடும் என்ற எண்ணமும் தவறானது. எண்ணெய் நீரில் கரையாது. ஒரு வாளிக் குளியல் நீரில் ஐந்து சொட்டு விட்டால் அது மேலே மிதந்து, முதல் குவளை நீரோடு முழுச் செறிவில் உடலில் படும். முதலில் வேறு எண்ணெயிலோ மணமற்ற திரவ சோப்பிலோ கலந்துகொள்வதே முறை.

பழகப் பழகக் கெடும் எண்ணெய்

வெயிலினால் வரும் தீங்கைவிடப் பரவலானதும், அதனினும் குறைவாகவே அறியப்பட்டதுமான மற்றொன்று உண்டு. புத்தம் புதிய லிமோனீன் சருமத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும் தன்மை மிகக் குறைவு. குப்பியைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே புகும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனோடு சேர்ந்து ஐதரோபெராக்சைடுகளை உண்டாக்குகிறது. ஒவ்வாமைக்குக் காரணம் இவையே என ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1990களிலும் அதன் பின்னரும் நடத்திய ஆய்வுகள் நிறுவின. மணத்தில் சிறிதளவு மாற்றமே இருக்கும். பயன்படுத்துபவர் அதை உணராமலும் போகலாம்.

ஒவ்வாமையின் இயல்பு எரிச்சலின் இயல்பினின்று வேறானது. எரிச்சல் அளவு குறைந்தால் குறையும். ஒவ்வாமையோ, உடல் ஒரு பொருளை ஒருமுறை பகையெனக் குறித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறு அளவுக்கும் பொங்கி எழும். அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். லிமோனீன் சோப்பிலும் சலவைத் தூளிலும் பாத்திரம் துலக்கும் திரவத்திலும் இருப்பதால், ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு வீட்டு வேலையே துன்பமாகிவிடுகிறது. கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்தல் நல்ல பழக்கமே. எனினும் அன்று ஒன்றும் ஆகாததால் என்றும் ஒன்றும் ஆகாது எனக் கொள்ளக்கூடாது.

இதனால் நுகர்வோர்க்குக் கிடைக்கும் பொருளாதாரப் பாடம் வழக்கமான சிக்கனத்திற்கு முரணானது. நூறு மில்லி லிட்டர் குப்பியில் ஒரு சொட்டின் விலை குறைவு. ஆனால் அது தீர ஈராண்டு ஆகுமெனில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணெயே சருமத்தில் சேரும். பத்து மில்லி லிட்டர் வாங்குவதே உண்மையான சிக்கனம். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, திறந்த நாளைக் குப்பியின் மேல் எழுதி, ஓராண்டுக்குள் முடித்துவிடல் வேண்டும். பாலிஸ்டைரீன் வகை நெகிழிக் கலங்களை இவ்வெண்ணெய் கரைத்துவிடும் என்பதால் அவற்றில் ஊற்றி வைக்கலாகாது.

உற்பத்தி செய்யும் பெண்களின் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நுகர்வோர் நாளுக்கு ஓரிரு சொட்டைத் தொடுகிறார். சோப்புக் கலவை தயாரிப்பவரோ நாள் முழுவதும் நீர்க்காத எண்ணெயைக் கையாள்கிறார். தோலுரித்துப் பிழிந்த ஈரக் கையோடு முற்றத்து வெயிலில் தோலைப் பரப்பி உலர்த்துபவருக்கு மேற்கூறிய இரு தீங்குகளும் ஒருங்கே வாய்க்கின்றன. சாதாரண ரப்பர் கையுறையை லிமோனீன் விரைவில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறையே ஏற்றது. கடன் திட்டங்களில் கொதிகலத்திற்கும் கலவை இயந்திரத்திற்கும் தொகை ஒதுக்கும் அலுவலர்கள் கையுறைக்கும் ஒரு வரி எழுதுவது திட்டச் செலவைப் பெரிதும் உயர்த்திவிடாது.

வீட்டுப் பயன்பாடு

துப்புரவுப் பணியில் இவ்வெண்ணெயின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. அடுப்பு மேடையின் பிசுக்கு, ஒட்டுத்தாளின் பசை, துணியில் ஒட்டிய சூயிங்கம் ஆகியவற்றை அது நன்கு கரைக்கும். பெட்ரோலியக் கரைப்பான்களுக்கு மாற்றாகத் தொழிற்சாலைகளிலும் அது பயன்படுகிறது. வார்னிஷ் பூசிய மரத்தையும் அதே ஆற்றலால் கெடுக்கும். மண்ணெண்ணெயைப் போலவே தீப்பற்றும் என்பதால் எரியும் அடுப்பின் அருகே துடைத்தலும், எண்ணெய் நனைந்த துணியை அங்கேயே போட்டு வைத்தலும், மணத்திற்காக விளக்கில் ஊற்றுதலும் தவிர்க்கப்பட வேண்டியவை. வெளுப்புத் தூள் கரைசலுடன் சேர்த்துப் பயன்படுத்தினால் காற்றில் தீய பொருள்கள் உண்டாகும்.

அறையில் மணம் பரப்பும் கருவிகள் இப்போது பெருகி வருகின்றன. லிமோனீன் ஆவி காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் தோற்றுவிக்கிறது. வெளிக்காற்று மாசடைந்த பெருநகரங்களில் ஓசோன் மிகும் கோடைப் பிற்பகல்களில் இது கூடுதலாக நிகழும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் இதனைத் தவிர்த்தலே நன்று. மற்ற இடங்களில் சிறிது நேரம் மட்டும், சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். பூனை வளர்ப்போர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும்: அவ்விலங்கின் உடல் இவ்வகைப் பொருள்களை எளிதில் வெளியேற்றுவதில்லை.

எண்ணெயை விலைக்கு வாங்காமல் பழத்தோலையே வெல்லமும் நீரும் சேர்த்துப் புளிக்கவைத்துத் தரை துடைக்கும் முறை அண்மை ஆண்டுகளில் நகரக் குடியிருப்புகளில் பரவியுள்ளது. மூன்று பங்கு தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு நீர், மூன்று மாதக் காத்திருப்பு என்பது அதன் வழக்கமான கணக்கு. குப்பை குறைகிறது என்பதே இதன் பெரும் பயன். புளிக்கும்போது எழும் வளியால் கண்ணாடிக் குப்பி வெடிக்கக் கூடுமாதலால் முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்துவிடல் வேண்டும். இக்கரைசலும் வினிகரும் அமிலத் தன்மையுடையவை. கடப்பைக் கல்லும் சலவைக்கல்லும் அவற்றால் மெருகிழக்கும்.

குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கைக்கு இவ்விடத்தில் தனி அழுத்தம் தேவை. பழச்சாறு போல் மணக்கும் சிறு குப்பி எந்தக் குழந்தையையும் ஈர்க்கும். விழுங்கிய எண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டைவிட, இருமும்போதோ வாந்தியின்போதோ நுரையீரலுக்குள் புகுந்து செய்யும் கேடு கொடியது. ஆகையால் வாந்தி எடுக்க வைக்கலாகாது. விரலைத் தொண்டையில் விடுவதும் உப்பு நீர் புகட்டுவதும் நம் வீடுகளில் உடனடியாகச் செய்யப்படும் முதலுதவிகள். இங்கு அவை தீங்கை மிகுவிக்கும். குப்பியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1995ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசி வழியே ஆலோசனை வழங்குகிறது.

விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் அறியாததும்

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பில் லெமன் என்ற சொல் இடம்பெற்றது. அது பழத்தைப் பற்றியதன்று. பழுதான பழைய மோட்டார் காருக்கு அந்நாட்டில் வழங்கும் பேச்சுப் பெயர் அது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்தால் நல்ல பொருள் உரிய விலை பெறாமல் சந்தையை விட்டு வெளியேறும் என்பது அவர் காட்டிய உண்மை. 2001ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மெய்யான எலுமிச்சை எண்ணெயின் சந்தைக்கு இக்கொள்கை எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. மலிவான ஆரஞ்சு லிமோனீனையும் செயற்கைச் சிட்ராலையும் சேர்த்து லெமன் எண்ணெயென விற்பது நறுமண வணிகத்தில் நன்கறியப்பட்ட கலப்படம். வாங்குபவரின் மூக்கு அதைக் கண்டறியாது. புதியதையும் ஈராண்டு பழையதையும்கூட அவரால் வேறுபடுத்த இயலாது. கவனமாக வடித்து உடனுக்குடன் விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அதற்கான கூலி கிட்டுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டின் ஆணை வழியாக, லிமோனீன், சிட்ரால் உள்ளிட்ட 26 நறுமணப் பொருள்கள் கழுவாத பூச்சுகளில் 0.001 விழுக்காட்டுக்கும் கழுவும் பொருள்களில் 0.01 விழுக்காட்டுக்கும் மேற்பட்டால் அவற்றின் பெயரைக் குப்பியில் அச்சிட வேண்டுமென விதித்தது. 2023ஆம் ஆண்டில் அப்பட்டியல் எண்பதுக்கும் மேற்பட்ட பொருள்களாக விரிவுபட்டது. ஏற்றுமதியை நாடும் நம் உற்பத்தியாளர் இதற்கு உட்பட்டே ஆகவேண்டும். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளும் உள்ளன. இடர் உள்ள இடத்தில் பாதுகாப்பான பயன்பாட்டு முறையும் எச்சரிக்கையும் முகப்புச் சீட்டில் இடம்பெற வேண்டும் என்ற கோட்பாடு விதிகளிலேயே அடங்கியுள்ளது. ஆனால் ‘வாசனைக்காக’ என்று எழுதி விற்கப்படும் சிறு குப்பி அழகுசாதனமா, மூலப்பொருளா, துப்புரவுப் பொருளா என்ற கேள்வி எழும்போது எந்த அலுவலர் அதைப் பார்ப்பது என்பது தெளிவாவதில்லை. விற்பவர் என்ன எழுதினாலும் வாங்குபவர் அதை முகத்தில்தான் பூசுகிறார்.

புதிய சட்டத்திற்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எண்ணெயின் பெராக்சைடு அளவைக் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அயோடினும் தயோசல்பேட்டும் கொண்டு செய்யும் எளிய தரம்பார்த்தல் போதும். வேதியியல் துறையுள்ள எந்தக் கல்லூரியிலும் இளங்கலை மாணவர் அதனைச் செய்ய இயலும். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது நறுமணத் தொழிலார் ஏற்றுக்கொண்ட வரம்பு. உற்பத்தியான அன்றே எதிர் ஆக்சிகரணியாக வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோக்கோஃபெராலைச் சிறிதளவு கலப்பதும் பயனளிக்கும். வடிப்பு முறைகளிலும் தரச் சோதனையிலும் பயிற்சி தருவதற்குக் கன்னோசியில் 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நறுமண, சுவைப்பொருள் வளர்ச்சி மையமும், இலக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமும் உள்ளன. மாவட்டத் தொழில் மைய அலுவலர் ஒருவர் தம் பகுதிக் குழுக்களை அருகிலுள்ள கல்லூரியோடு இணைத்துவிட்டால், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சோதனை எண் கிடைத்துவிடும்.

அதன்பின் குப்பியின் மேல் எழுத வேண்டியவை சிலவே: பழத்தின் தாவரவியல் பெயர், பிழிந்ததா வடித்ததா என்ற விவரம், தயாரித்த மாதம், சோதனை எண், ‘பூசிய பின் வெயில் படாமல் காக்கவும்; குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்னும் ஒரு வரி. விற்காமல் தங்கிய பழைய எண்ணெயைப் புதிய தொகுதியில் ஊற்றிச் சரிக்கட்டுவது இத்தொழிலில் காணப்படும் வழக்கம். அவ்வாறு தங்கியதைச் சருமப் பொருள்களுக்கு விடாமல் தனிக் கலத்தில் ஒதுக்கி, இயந்திரப் பிசுக்கு நீக்கும் பணிக்கு, கையுறை அணியவேண்டும் என்ற குறிப்போடு, குறைந்த விலைக்கு விற்றுவிடலாம். அந்தக் கலத்தின் கணக்கைத் தனிப் பதிவேட்டில் எழுதி வருமாறு குழுக்களுக்கு அறிவுறுத்துதல் ஆய்வு அலுவலரின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.